பணம் போட்டவர் ஒருவர், உரிமை இன்னொருவருக்கா?

தமிழில் கடற்கரை வாழ்வைச் சொன்ன நாவல்களில் இரண்டு, புத்தகமான விதத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் படித்து, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் மீரான். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த அந்த நாவலைக் கைக்காசு போட்டுத் தானே பதிப்பித்தார். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. உவரியில் பிறந்து கப்பல் போக்குவரத்துத் தொழிலில் இருந்த அவரை நாவல் எழுதத் தூண்டி, அதைப் புத்தகமாகவும் ஆக்கியவர் ‘தமிழினி’ வசந்தகுமார். மீரானுக்கு 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்காகச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ஜோ டி குரூஸுக்கு 2013இல் ‘கொற்கை’க்காக. யார் செலவில் அச்சேறியது என்ற கேள்வியை இன்று அந்த நாவல்களைப் படிக்கும் யாரும் எழுப்புவதில்லை.

எழுதுகிறவருக்கு மட்டும் அது முதல் கேள்வியாக இருக்கிறது. காரைக்கால் கடலோரத்தில் கருக்களாச்சேரி போன்றதொரு மீனவர் கிராமத்தில் ஒருவர் தன் ஊரின் கதையை எழுதி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத அங்கே நிறைய இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 வரை நீடித்த மண்; மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல்; 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அள்ளிப்போன கரை. அந்தக் கையெழுத்துப் பிரதியை அவர் யாரிடம் கொண்டுபோவார்? தமிழின் பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை சென்னையில் இருக்கின்றன. அங்கே யாரையும் தெரியாது. அனுப்பினால் பதில் வருமா என்பதும் தெரியாது. இன்னொரு பக்கம் கைப்பேசியைத் திறந்தாலே ‘உங்கள் புத்தகத்தை நாங்கள் வெளியிடுகிறோம்’ என்ற விளம்பரங்கள். காத்திருப்பதா, காசு கொடுத்துப் போடுவதா என்று அவர் தடுமாறுவது இயல்பு.

சொந்தமாகப் பதிப்பிப்பது, பதிப்பகம் கிடைக்காதவர்கள் செய்யும் காரியம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காரைக்காலிலிருந்து காவிரிப் படுகையில் கொஞ்சம் மேலே போனால் கும்பகோணம். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தவரான சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்புத் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். சிந்தாமணியைத் தம்மிடம் கொடுத்துவிடும்படி அவர் கேட்டபோதும் சாமிநாதையர் தரவில்லை. செல்வர்களிடமும் தமிழன்பர்களிடமும் கையொப்பம் வாங்கி, முன்பணம் திரட்டி, சென்னை அச்சுக்கூடத்துக்கு நடையாய் நடந்து, மெய்ப்புத் திருத்தி, அந்த நூலை வெளியே கொண்டுவந்தார். இன்று பதிப்பகங்கள் ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று அறிவிப்பதை ஓர் ஆசிரியர் அன்றே தனியாளாகச் செய்திருக்கிறார். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையில் பெரும்பகுதி, பதிப்பாளரும் உழைப்பாளரும் ஒரே ஆளாக இருந்த கதைதான்.

பாரதியின் கதை இதைவிடக் கசப்பானது, இன்றைய எழுத்தாளருக்கு இதைவிடப் பயனுள்ளதும்கூட. 1907இல் அவருடைய பாடல்கள் சிலவற்றைச் சென்னை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அடுத்த ஆண்டு ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலாயிற்று. அதே ஆண்டில் பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்தாண்டுகள் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்து எழுதிக் குவித்தவற்றில் கொஞ்சம்தான் அச்சேறியது. ‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் வந்தது. 1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு திட்டம் வகுத்தார். தன் எழுத்தையெல்லாம் 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் முதற்பதிப்பாக 10,000 பிரதிகள் அச்சிடுவது, அதற்கு ஆரம்ப மூலதனமாக 20,000 ரூபாய் திரட்டுவது. நண்பர்கள் கடனாகத் தர வேண்டும், மாதாமாதம் வட்டி தரப்படும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியைப் போலவும் மண்ணெண்ணெயைப் போலவும் தன் நூல்கள் வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார்.

பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாரதி இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். செல்லம்மா பாரதி ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் சில நூல்களை வெளியிட்டுப் பார்த்தார், தொடர முடியவில்லை. பாரதியின் தம்பி விசுவநாதன் ‘பாரதி பிரசுராலயம்’ தொடங்கினார். உரிமை கைமாறியது. பாடல்களை ஒலிபரப்பும் உரிமை தனியாகப் பிரிந்து, ஏவி.எம். நிறுவனத்தின் மெய்யப்பச் செட்டியாரிடம் போயிற்று. கடைசியில் 1949இல் ஓமந்தூரார் அரசு தலையிட்டு உரிமைகளைப் பெற்றது. பாரதியின் கணக்கு தப்பானது என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் மலிவுப் பதிப்புகள் விற்ற விற்பனை, மக்கள் வாங்கத் தயாராகவே இருந்தார்கள் என்று காட்டியது, சக்தி வை. கோவிந்தன் 1957இல் ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்த பாரதியார் கவிதைகள் அதற்குச் சாட்சி. பாரதியிடம் எழுத்து இருந்தது, வாசகர் இருந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய முதலும் விற்பனை ஏற்பாடும்தான் இல்லை. அந்த இடைவெளியை ஒரு கவிஞர் தனியாகத் தாண்ட முயன்றார்.

அவருடைய சீடருக்கு வேறு விதமாக அமைந்தது. பாரதிதாசன் 1909இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்த ஊர் காரைக்கால் பகுதியிலுள்ள நிரவி. அவருடைய புகழ்பெற்ற கவிதைகளின் முதல் தொகுதி 1938இல்தான் வந்தது. வெளியிட்டவர் குஞ்சிதம் குருசாமி. செலவுக்குக் கை கொடுத்தவர் கடலூர் நாராயணசாமி நாயுடு. இதைச் சுயபதிப்பு என்றும் சொல்ல முடியாது, வணிகப் பதிப்பு என்றும் சொல்ல முடியாது. கொள்கையால் ஒன்றுபட்ட நண்பர்கள் சேர்ந்து ஒரு புத்தகத்தைத் தாங்கினார்கள். தமிழில் இந்த மூன்றாவது வழி எப்போதும் இருந்து வந்திருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையில் இயங்கிய ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாகத்தான் முதலில் வந்தது. தலித் தன்வரலாறு தமிழில் மிக அரிதாக இருந்த நேரம் அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்த ஆங்கிலப் பதிப்பு 2000இல் வந்து கிராஸ்வேர்ட் விருதும் பெற்ற பிறகு, அந்த நூல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தது.

சி.சு. செல்லப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய அவர், ‘எழுத்து பிரசுரம்’ என்று பதிப்பகமும் நடத்தினார். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்து புதுக்கவிதைக்கு நூல்வடிவ இருப்பைக் கொடுத்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலை 1997இல் தானே வெளியிட்டபோது அவருக்கு வயது 85. அடுத்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் எண்பது வயது கடந்த ஒரு படைப்பாளி அச்சகத்துக்கும் பைண்டிங் கடைக்கும் அலைய நேர்ந்தது தமிழ்ப் பதிப்புலகத்தின் பெருமை ஆகாது. அவருடைய ‘வாடிவாச’லைப் பாருங்கள்: அது காலச்சுவடு பதிப்பாகத் திரும்ப வந்தபோதுதான் புதிய தலைமுறை வாசகர்களை எட்டியது, ஆங்கிலத்துக்கும் போனது. செல்லப்பா எழுதினார், அச்சிட்டார், சுமந்தார். அந்த நூலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சில் வைத்திருப்பதும், வெளிமொழிப் பதிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு நிறுவனத்தால்தான் முடிந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே உழைப்பைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா, 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி நாற்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். தெருத்தெருவாக நடந்து தானே விற்றார். ‘மல்லிகைப் பந்தல்’ வெளியீடாகப் பலருடைய நூல்களையும் கொண்டுவந்தார். இலங்கையில் தமிழ் நூல் என்றாலே பெரும்பாலும் ஆசிரியரே செலவிட்டுப் போடுவதுதான். அதனால் வெளியீட்டு விழா அங்கே வெறும் சடங்கில்லை: முதல் பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவார்கள், அச்சுக்கூலியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். ஊரே ஒரு புத்தகத்தின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் அருமையான ஏற்பாடு. ஆனால் விழா முடிந்த பிறகு அந்த நூல் அடுத்த ஊருக்குப் போவது கடினமாகவே இருந்தது. அப்படிச் சிதறிக் கிடந்தவற்றைத் தேடி என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்ற விவரப்பட்டியலைத் தொகுதி தொகுதியாகத் தொகுக்க வேண்டியிருந்தது. நூலகம் நிறுவனம் அவற்றை மின்வருடி இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பதிப்பகம் என்பது என்ன செய்யும் இடம் என்று தெளிவாகிறது. அச்சடிப்பது அதில் மிகச் சிறிய வேலை. காசு கொடுத்தால் எந்த அச்சகமும் செய்யும். பிரதியைச் செம்மைப்படுத்துவது, கடைகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுபோவது, தீர்ந்தால் மறுபடி அச்சிட்டு ஆண்டுக்கணக்கில் கிடைக்கச் செய்வது: இந்த மூன்றும்தான் பதிப்பு. க்ரியா ராமகிருஷ்ணன் ஒரு நூலின் மீது மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆசிரியருடன் வரி வரியாக வேலை செய்தவர். இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தபோது விருத்தாசலம் பக்கத்துப் பேச்சுமொழி சிதையாமலும் வாசகருக்கு விளங்கும்படியும் இருந்ததற்கு அத்தகைய கவனமும் ஒரு காரணம். கடற்கரை வழக்கில் எழுதும் ஒருவருக்கு இப்படிப்பட்ட செம்மையாளர் மிக அவசியம். வலையின் பெயர், காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். எதை அப்படியே விடுவது, எதற்குப் பின்னால் சொல்லடைவு தருவது என்று சொல்ல இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். வருத்தத்தோடு சொல்ல வேண்டிய உண்மை, பெயர் பெற்ற தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றிலும் முழுநேரச் செம்மையாளர் கிடையாது. மெய்ப்புத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பதிப்பகத்திடம் போவதால் எழுத்தாளருக்குக் கிடைப்பது ஒரு முத்திரையும் புத்தகக் காட்சியில் ஓர் இடமும்தான்.

அந்த இடம் சாதாரணமானதும் இல்லை. 1977இல் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டு வருமானத்தையே தீர்மானிக்கும் சந்தை. அங்கே அரங்கு எடுப்பது பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும்தான். ஒரே ஒரு நூல் வைத்திருக்கும் தனி எழுத்தாளர் யாரோ ஒருவருடைய அரங்கில் இடம் கேட்டு நிற்க வேண்டும்.

கணக்குக்கு வருவோம். 200 ரூபாய் விலையுள்ள ஒரு புத்தகம். பதிப்பகம் வெளியிட்டால் ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றால் ஆசிரியருக்கு 6,000 ரூபாய், அதுவும் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால். சொந்தமாகப் போட்டால் கடைக்கு 40 சதவீதம் கழிவு போக 120 ரூபாய் கைக்கு வரும். அச்சுக்கும் அட்டைக்கும் பிரதிக்கு 80 ரூபாய் ஆனது என்று கொண்டால் மிச்சம் 40. ராயல்டியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் 300 பிரதிக்கான 24,000 ரூபாயை முன்கூட்டியே போட வேண்டும், தபால் செலவு தனி, கடையிலிருந்து பணம் எப்போது வரும் என்பதற்கு உறுதி இல்லை. 200 பிரதிகள் விற்றால்தான் போட்ட முதலே திரும்பும். ஒரு காலத்தில் 1,000 அல்லது 1,200 பிரதிகளுக்குக் குறைந்து ஆஃப்செட்டில் அடிப்பது கட்டாது என்பதால் சொந்தப் பதிப்பு பலருடைய கையைச் சுட்டது. வீட்டுப் பரணில் ஃபார்ம் கட்டுகள் கிடந்து கரையான் அரித்தன. தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறை வந்த பிறகு 50 பிரதியோ 100 பிரதியோ போட்டுப் பார்க்கலாம். சிறிய ஊரிலிருந்து எழுதுகிறவருக்கு இது பெரிய விடுதலை.

அந்த விடுதலையைச் சிலர் வலையாக்கியும் இருக்கிறார்கள். பதிப்பகம் என்று பெயர்ப் பலகை. ‘உங்கள் படைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்ற கடிதம். பிறகு அச்சுக்கூலி, அட்டை வடிவமைப்பு, வெளியீட்டு விழா என்று எழுத்தாளரிடமே பணம் வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கு. எத்தனை பிரதி அச்சிட்டார்கள், எத்தனை விற்றது என்பதற்குக் கணக்கு வராது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், வளைகுடாவில் வேலை பார்த்துச் சேமித்தவர், முதல் கவிதைத் தொகுப்போடு நிற்கும் கல்லூரிப் பெண் என்று இதில் சிக்கியவர்கள் ஏராளம். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்த அநியாயம் உடனே புரியும். படகுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தால் பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது கரையின் வழக்கம். அந்த வழக்கத்திலேயே ஆயிரம் குறை இருக்கிறது. ஆனால் படகும் வலையும் டீசலும் மீனவருடையதாகவே இருக்கும்போது, கரையில் நின்றவர் மீன் முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதை எந்த ஊரும் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே சுயபதிப்பா, பதிப்பகமா என்பது இரண்டாவது கேள்வி. பணத்தைப் போடுவது யார், உரிமை யாரிடம் இருக்கும் என்பதே முதல் கேள்வி. பதிப்பகம் தன் பணத்தைப் போட்டுச் செம்மைப்படுத்தி விற்றால், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமையைக் கேட்பது நியாயம். எழுத்தாளர் பணம் போட்டால் உரிமை, மிச்சப் பிரதிகள், அச்சுக்கான கோப்பு எல்லாமே அவருடையவை. பணமும் உரிமையும் ஒரே கையில் சேராத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் இருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும் என்கிறது. எந்த நூல், என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பைச் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. பாரதியின் பாட்டுக்கு ஒலிபரப்பு உரிமை எவ்வளவு பெரிதாயிற்று என்பதை நினைத்தால், ‘எல்லா உரிமைகளும்’ என்ற ஒரு சொற்றொடரில் எதையெல்லாம் கொடுத்துவிடுகிறோம் என்பது விளங்கும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

மின்னூல் பக்கம் பெரிதும் பேசப்படுகிறது. அதன் எல்லையும் தெரிந்திருப்பது நல்லது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழுக்கு வந்தது. அச்சுக்கூலியே இல்லாமல் நூலை ஏற்றலாம். இந்தியாவில் விற்கும் நூலுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 35 சதவீதம். பிரதிலிபி போன்ற தளங்களில் தொடர்கதை எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்த பெண்கள் பலர். அச்சுப் பதிப்பகங்கள் அவர்களைத் தேடிப் போகும் நிலை வந்தது உண்மையான மாற்றம். ஆனால் அங்கே ஓடும் எழுத்து பெரும்பாலும் குடும்பக் கதையும் காதல் கதையும். மெதுவாகப் படிக்க வேண்டிய ஒரு வட்டார நாவலுக்கோ மீனவர் வாய்மொழி வரலாற்றுக்கோ அந்தத் தளத்தில் வாசகர் கிடைப்பது அரிது.

உலக உதாரணங்களை அடுக்குவது எளிது. மார்சல் ப்ரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தை 1913இல் பாரிஸில் சொந்தச் செலவில்தான் அச்சிடக் கொடுத்தார். அமிஷ் திரிபாதியின் ‘மெலூஹா’வைப் பதிப்பகங்கள் தள்ளிவிட்ட பிறகு அவரும் அவருடைய முகவரும் சேர்ந்து 2010இல் வெளியிட்டார்கள், முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். அது விற்பனையில் ஓட, பெரிய பதிப்பகம் வந்து எடுத்துக்கொண்டது. ப்ரூஸ்டிடம் குடும்பச் சொத்து இருந்தது. அமிஷிடம் நிதித்துறை அனுபவமும் விற்பனை நுணுக்கமும் இருந்தன. கடலுக்குப் போய்விட்டு வந்து இரவில் எழுதுகிறவரிடம் இரண்டும் இருக்காது. அவரைப் பார்த்து ‘நீயும் அமிஷைப் போல விற்றுக்கொள்’ என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு.

அவருக்கு ஏற்ற உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பாலும் காரூர் நீலகண்டப் பிள்ளையும் முன்னின்றார்கள். அதன் விற்பனைக் கரமாக நேஷனல் புக் ஸ்டால் கேரளம் முழுவதும் கிளை விட்டது. உறுப்பினரான எழுத்தாளருக்கு முப்பது சதவீதம் வரை ராயல்டி கொடுத்தது. தலையில் சுமந்து தன் நூல்களைத் தானே விற்ற வைக்கம் முகமது பஷீர் போன்றவர்கள் இருந்த நாட்டில், அந்தச் சங்கம் எழுத்தாளரின் தலைச்சுமையை இறக்கி வைத்தது. பிற்காலத்தில் அதற்குச் சரிவும் வந்தது. ஆனாலும் எழுதுகிறவர்கள் ஒன்று சேர்ந்து பதிப்பாளர் ஆக முடியும், அப்படி ஆனால் ராயல்டி மூன்று மடங்காக முடியும் என்பது நம் கண்ணெதிரே நிரூபிக்கப்பட்ட விஷயம்.

காரைக்கால் அளவுள்ள ஒரு வட்டாரத்துக்கு இதைவிடச் சிறிய ஏற்பாடே போதும். காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பகுதி எழுத்தாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொதுப் பெயரில் பதிப்பு தொடங்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் நூலுக்கான அச்சுச் செலவைப் போட்டுக்கொண்டு உரிமையைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். செம்மையாக்கத்துக்கும் விற்பனைக்கும் மட்டும் பொது நிதி. முதலில் செலவிட வேண்டியது அட்டைக்கோ விழாவுக்கோ அல்ல, செம்மையாளருக்கு. மாவட்டந்தோறும் இப்போது தமிழ்நாடு அரசின் ஆதரவில் புத்தகத் திருவிழா நடக்கிறது. எல்லை தாண்டினால் நாகப்பட்டினம். ஒரே நூலோடு தனியாக நிற்பவருக்குக் கிடைக்காத அரங்கு, பத்து நூல்களோடு வரும் குழுவுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரையுள்ள புத்தகப் பொட்டலத்தை 20 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் அனுப்பலாம். கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களுக்கான சேவை அது. வெளியூர் வாசகருக்கு நேரடியாக விற்க இது உதவும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது பதிப்பாளரின் கடமை. சொந்தமாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. செய்தால், விழா முடிந்து ஐம்பது ஆண்டு கழித்தும் அந்த நூலை ஓர் ஆய்வாளர் தேடி எடுக்க முடியும்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நூலகங்கள் தமிழ்நாடு பொது நூலகத் துறையின் கீழ் வருபவை. அங்கே எத்தனையோ பதிப்பகங்களை நூலக ஆணைதான் தாங்கிப் பிடித்திருக்கிறது. காரைக்கால் நூலகங்கள் புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இருக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளிலும் எழுதுகிறவர்கள் சொந்தமாகப் பதிப்பிக்கும் நூல்களுக்கென்று அந்தத் துறை ஆண்டுதோறும் ஒரு கொள்முதல் பங்கை ஒதுக்கலாம். தரம் பார்க்க ஒரு சிறு குழுவும், தேர்வான நூலுக்கு நூறு பிரதியாவது வாங்கும் உறுதியும், மூன்று மாதத்துக்குள் பணம் தரும் ஒழுங்கும் இருந்தால் போதும். மேலே போட்ட கணக்கின்படி, ஓர் எழுத்தாளர் இறக்கிய முதலில் பாதி அந்த ஒரு கொள்முதலிலேயே திரும்பிவிடும். இரண்டாவது புத்தகத்துக்கு அவர் துணிவார்.